எழுதியவர்: நமது நிருபர்

மார்ச் 3, செவ்வாய்

சுடர் பெங்களூரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பியிருந்தாள். "அம்மா எழுதினதெல்லாம் எங்கப்பா இருக்கு?" மாதத்துக்கு ஒரு தடவை பேசுகிற மகள். பேசினாலும் மருந்து சாப்பிட்டீங்களா, சிலிண்டர் வந்துச்சா என்பதோடு சரி. இப்படி ஒரு கேள்வியை எதிர்பார்க்கவில்லை.

"இன்டர்நெட்ல இருக்கும், எங்க போயிடப் போகுது" என்று பதில் போட்டேன். நீல டிக் விழுந்தது. வேறொன்றும் வரவில்லை.

என் மனைவி நாயகி இறந்து, வருகிற ஆவணியோடு ஒரு வருஷம். 'கரைச்சேதி' என்ற இணையதளத்துக்குப் பத்து வருஷத்துக்கு மேல் தூத்துக்குடி நிருபராக இருந்தாள். அச்சுப் பத்திரிகை கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டரிலேயே வந்து கம்ப்யூட்டரிலேயே போகிற செய்தி. அதனால் வீட்டில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. நான் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். என் வேலைக்குச் சாட்சியாக ஊர் முழுக்கக் கம்பம் நிற்கிறது.

மோட்டாரைப் போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்ததில் தொட்டி வழிந்துவிட்டது. பக்கத்து வீட்டு டெய்சி டீச்சர் மாடியிலிருந்து சத்தம் போட்டார்.

மார்ச் 4, புதன்

கரைச்சேதி இன்னும் திறக்கிறது. பூட்ட மறந்துவிட்டுப் போன வீடு மாதிரி கிடக்கிறது. கடைசிச் செய்தி ஆறு வருஷத்துக்கு முந்தியது. தேடும் கட்டத்தில் 'ஆவுடைநாயகி' என்று அடித்தேன். சுற்றிக்கொண்டே இருந்தது. படங்கள் இருந்த இடமெல்லாம் காலிக் கட்டம். கீழே 'படத்தில்: கூட்டத்தில் கலந்துகொண்டோரில் ஒரு பகுதியினர்' என்று மட்டும் நிற்கிறது. ஒரு செய்தியில் 'மேலும் படிக்க' என்று இருந்ததைத் தொட்டேன். சீட்டாட்ட விளம்பரம் ஒன்று குதித்து, எனக்கு வரவேற்புப் பரிசு காத்திருக்கிறது என்றது.

தளத்தை நடத்தியவர் ராஜமாணிக்கம். அவர் வீட்டு நம்பர் நாயகியின் போனில் இருந்தது. மகன் கண்ணபிரான் எடுத்தார். டைல்ஸ் கடை வைத்திருக்கிறாராம்.

"அங்கிள், அப்பாவுக்கு இப்ப நினைவே சரியா இல்ல. நான்தான் வருஷா வருஷம் பணம் கட்டி இழுத்துட்டு வந்தேன். மார்ச் முப்பத்தொண்ணோட நிறுத்திடுதேன்."

"நிறுத்துனா?"

"திறக்காது. அவ்வளவுதான்."

"பழசெல்லாம்?"

"பழசுதான் அங்கிள் அங்க இருக்கிறதே."

கோபம் வந்தது. ஆனால் அவர் மேல் என்ன தப்பு? சென்னையில் ஒரு நூலகத்தில் இப்படிப்பட்ட பழைய இணையச் செய்திகளைச் சேகரித்து வைக்கிறார்களாம். அங்கே ஹேமலதா என்று ஒருவர் தன்னிடம் பேசினார் என்று சொல்லி நம்பர் கொடுத்தார். நல்ல மனிதர்தான்.

சுடரிடம் இருக்கும் என்று சொல்லியாயிற்று. இனி இல்லை என்று எப்படிச் சொல்வது?

மார்ச் 5, வியாழன்

ஹேமலதா அம்மையாரிடம் பேசினேன். நாயகி பெயரில் ஒரு தனித் தொகுப்பே வைக்கலாம் என்றார். செய்தியின் முகவரி, தலைப்பு, தேதி, எழுதியவர் பெயர், இந்த நான்கையும் நாம் அனுப்ப வேண்டும். தளம் மூடுவதற்குள் அவர்கள் பக்கத்தை நகல் எடுத்துக்கொள்வார்கள்.

சுலபம் என்று நினைத்தேன். தேடும் கட்டம் வேலை செய்யாவிட்டாலும், ஒவ்வொரு செய்தியின் முகவரியிலும் கடைசியில் ஒரு எண் இருக்கிறது. அதை ஒன்றொன்றாக மாற்றினால் அடுத்தடுத்த செய்தி வருகிறது. லைனில் ஃபால்ட் என்றால் கம்பம் கம்பமாகப் போய்ப் பார்ப்போமே, அதே வேலைதான். காலையில் உட்கார்ந்தவன் பத்து மணிக்குத்தான் சிக்கலைக் கண்டேன்.

எந்தச் செய்தியிலும் அவள் பெயர் இல்லை. எல்லாவற்றிலும் 'நமது நிருபர்' என்றுதான் போட்டிருக்கிறது.

கொலைக்கும் நமது நிருபர், கும்பாபிஷேகத்துக்கும் நமது நிருபர். சென்னையில் இருப்பவர்களுக்குப் பெயர் போடுவார்கள், மாவட்டத்தில் இருப்பவர்களுக்குப் போடமாட்டார்கள் என்று அவள் எப்போதோ சொன்ன மாதிரி இருக்கிறது. நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

ஹேமலதாவிடம் கேட்டேன். "பேர் இல்லாமலும் எடுத்து வைப்போம் சார். ஆனா அது உங்க மிஸஸ் தொகுப்புல வராது. பொதுவுல போயிடும். அவங்கதான் எழுதினாங்கன்னு நீங்க உறுதியா சொன்னா போடலாம்."

இதில் உறுதி என்ன வேண்டியிருக்கிறது? தூத்துக்குடி நிருபர் அவள்தானே. தூத்துக்குடிச் செய்தி எல்லாம் அவளுடையது. அப்படியே குறித்துக்கொண்டு போகிறேன்.

மார்ச் 9, திங்கள்

மதியம் ஹோட்டல் சாப்பாடு. ரசத்தில் உப்பு இல்லை. தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு உப்பில்லாத ரசம் வைக்கிறான்.

இன்று ஒரு தமாஷ். 'நாளை மின்தடை' என்று ஒரு செய்தி வந்தது. படித்தால் என்னுடையது! ஆபீஸிலிருந்து நான் தயாரித்து அனுப்பிய அறிவிப்பு. 'பராமரிப்புப் பணிகள் மேற்கொள்ளப்பட இருப்பதால் கீழ்க்கண்ட பகுதிகளில் மின்விநியோகம் நிறுத்தம் செய்யப்படும்' என்று எழுதியிருப்பேன். அதை 'நாளை காலை ஒன்பது மணி முதல் இந்தத் தெருக்களில் கரண்ட் இருக்காது' என்று மாற்றியிருக்கிறாள். அன்றைக்கே பார்த்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். இப்போது இரண்டு தடவை படித்தேன். அவளுடையதுதான் நன்றாக இருக்கிறது.

மார்ச் 12, வியாழன்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

ஓர் ஐப்பசி மழையின்போது வந்த கட்டுரை. தலைப்பு: 'துணைமின் நிலையத்தில் ஒரு மனிதர்'. இடுப்பளவு தண்ணீரில் துணைமின் நிலையம், பக்கத்தில் அரசு மருத்துவமனை, அங்கே குறைமாதக் குழந்தைகள். 'உதவிப் பொறியாளர் ஒருவர் முந்தைய நாள் காலையிலிருந்து அங்கேயே நிற்கிறார். வீட்டிலிருந்து வந்த டிபன் கேரியர் பிரிக்கப்படாமல் ஜன்னலில் இருக்கிறது. எப்போது வீட்டுக்குப் போவீர்கள் என்று கேட்டால், குழந்தைகள் தூங்கிய பிறகு என்கிறார்.'

அந்த உதவிப் பொறியாளர் நான். பெயர் போடவில்லை, ஆனால் நான்தான். மருத்துவமனைக்கு மட்டும் கரண்ட் நிற்காமல் பார்த்துக்கொண்டேன். அப்படி ஏதோ சொன்ன ஞாபகமும் இருக்கிறது.

என்னைப் பற்றி எழுதியிருக்கிறாள். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை. இத்தனை வருஷம் இது இங்கே கிடந்திருக்கிறது, நான்தான் தொட்டுப் பார்க்கவில்லை. சந்தோஷமாக இருக்கிறது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது.

ஹேமலதாவுக்கு முதலில் இதைத்தான் அனுப்பினேன்.

மார்ச் 13, வெள்ளி

மறுபடியும் படித்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

ஹேமலதா கூப்பிட்டார். "சார், என்ன எழுத்து சார் இது! இதையே தொகுப்போட முதல் பக்கத்துல வைக்கலாம்." அது நான்தான் என்று சொல்லவில்லை. சொல்ல வாய் வரை வந்தது.

ஒரு சின்ன விஷயம் கேட்டார். ஒரே நாளில் காயல்பட்டினத்தில் காலை பத்து மணிக் கூட்டத்துக்கும், எட்டயபுரத்தில் அதே பத்து மணி மறியலுக்கும் உங்கள் மனைவி எப்படிப் போயிருப்பார்? வேறு நிருபரும் இருந்தாரா?

இருந்தான். மீரான் என்று ஒருவன். காயல்பட்டினத்துக்காரன். அவனும் கரைச்சேதியில்தான் இருந்தான். இருந்தான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அவன் பகுதிநேரம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 16, திங்கள்

சிலிண்டர் வந்தது. மீரானின் நம்பர் நாயகியின் போனில் இருக்கிறது. கூப்பிடவில்லை.

மார்ச் 18, புதன்

நாட்கள் போகின்றன. எழுநூறு சொச்சம் குறித்து வைத்திருக்கிறேன். அதில் எத்தனை அவளுடையது, எத்தனை அவனுடையது? இரண்டு பேருக்கும் ஒரே பெயர். படித்துப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கட்டிய மனைவியின் எழுத்து, தெரியாமலா போகும்? மாலை வரை பார்த்தேன். தெரியவில்லை.

சமைக்கவில்லை. பிஸ்கட்.

மார்ச் 20, வெள்ளி

கூப்பிட்டேன். மீரான் குரல் மாறியிருக்கிறது. விஷயத்தைச் சொன்னதும், "ஞாயித்துக்கிழம வாரேன் அண்ணாச்சி" என்றார். ஏன், எதற்கு, இப்போது என்ன என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

மீரான் பதினோரு மணிக்கு வந்தார். தாடி நரைத்துவிட்டது. ஊரில் பைக் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். வண்டியை நிறுத்திவிட்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வாருங்கள் என்று நான் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"இல்ல அண்ணாச்சி, நான் எப்பவும் இங்கனயே நின்னுதான பழக்கம்" என்று சிரித்தார்.

நாற்காலியில் உட்காரவைத்து காபி போட்டேன். பால் திரிந்துவிட்டது. கடுங்காபியாகக் குடித்தோம். நாயகியின் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரியில் வந்து பார்க்க நினைத்தாராம். நான் என்ன நினைப்பேனோ என்று வரவில்லையாம்.

கம்ப்யூட்டரைத் திறந்தேன். முதல் செய்தியைப் படித்து, "இது அக்கா" என்றார். அடுத்ததைப் பார்த்து, "இது நான்" என்றார். யோசிக்கவே இல்லை. எப்படி என்று கேட்டேன்.

"அக்கா எழுதுனதுல பஸ் இருக்கும் அண்ணாச்சி. எங்க போனாலும் அவ்வொ பஸ்லதான போவாவ. அதனால எந்த பஸ்ஸு, எங்க எறங்கணும், எம்புட்டு தூரம் நடக்கணும், எல்லாம் வந்துரும். ஊரு எழவ எழுதுனாலும் பஸ்ஸுலதான் ஆரம்பிப்பாவ. நான் பைக்குலா. 'வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு'ன்னு எங்கயாவது வந்தா அது நான்."

பார்த்தேன். உண்மைதான். 'மினி பஸ் இந்த ஊரின் எல்லையோடு திரும்பிவிடுகிறது.' 'பேருந்தில் வந்த மூதாட்டி சொன்னார்.' 'கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர்களுக்கு இந்தப் பாலமே தங்குமிடம்.' பக்கத்துக்குப் பக்கம் பஸ்.

"ஏன் எல்லா இடத்துக்கும் பஸ்ல போனா? ரெண்டு பேருக்கும் ஒரே ஊர்ல வேலைன்னா சேந்து போயிருக்கலாமே" என்றேன்.

மீரான் கடுங்காபியின் கசடைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஒண்ணு ரெண்டு தடவ சொன்னேன் அண்ணாச்சி, வண்டில ஏறுங்கக்கா, பொழுது போயிட்டுன்னு. 'வேண்டாம்ப்பா, நீ போ, வீட்டுல ஏதாவது ஆயிரும்'னு சொல்லிட்டாவ."

அப்படியா என்று கேட்டுக்கொண்டேன். வேறு பேச்சுக்குப் போனோம்.

மார்ச் 23, திங்கள்

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். துணைமின் நிலையக் கட்டுரையை மீரானிடம் நான் காட்டவில்லை. காட்ட வேண்டிய அவசியம் இல்லை. அது அவளுடையதுதான் என்று தெரியும்.

இரண்டாவது வரி: 'வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, மதிலைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனோம்.'

மார்ச் 24, செவ்வாய்

கரண்ட் பில் கட்டினேன். கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

வண்டி என்றால் எந்த வண்டியாகவும் இருக்கலாம். ஆட்டோவும் வண்டிதான்.

மார்ச் 26, வியாழன்

மீரானிடம் போனில் கேட்டுவிட்டேன்.

"அத நான் எழுதுனேன் அண்ணாச்சி. மழையில உங்க சப்ஸ்டேஷனுக்கு வந்தேன், உங்களுக்கு ஞாபகம் இருக்காது. தண்ணிக்குள்ள ஆயிரம் பேர் வந்து போனாவ."

"அவ சொல்லி வந்தியா?"

"இல்ல. நானாத்தான் வந்தேன். அக்கா அதப் பொறவுதான் படிச்சாவ."

"என்ன சொன்னா?"

"சிரிச்சாவ. 'வீட்டுல இவ்வளவு பேசமாட்டாவளே'ன்னாவ." பிறகு வேகவேகமாகச் சொன்னார்: "அண்ணாச்சி, அது அக்கா பேருலயே இருக்கட்டும். எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. எழுதியவர் பேரு வேணும்னு நான் இப்ப எங்க போயிக் கேக்கப் போறேன்? கடைக்கு வாறவனுக்கு நான் செயின் ஸ்ப்ராக்கெட் விக்கிறவன். அவ்வொளுக்கு இருக்கட்டும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். என்ன யோசிக்க? ஹேமலதாவுக்குப் பிடித்திருக்கிறது. முதல் பக்கத்தில் வரப்போகிறது. சுடர் திறந்ததும் அதைத்தான் படிப்பாள். அம்மா அப்பாவைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறாள் என்று படிப்பாள். கொடுத்தவனே வைத்துக்கொள் என்கிறான்.

மார்ச் 28, சனி

யோசித்தேன். நாயகிக்கு ஒரு செய்தியில்கூடப் பெயர் போடவில்லை என்றுதானே இத்தனை பாடு. இப்போது நானே இன்னொருத்தன் பெயரை எடுத்துவிட்டால் என்ன அர்த்தம்? ஹேமலதாவுக்கு எழுதிவிட்டேன். 'துணைமின் நிலையத்தில் ஒரு மனிதர்' என்ற கட்டுரையை எழுதியவர் மீரான். காயல்பட்டினம் மு. செய்யது மீரான் என்று முழுப்பெயராகவே போடச் சொன்னேன். அவருக்கும் ஒரு தொகுப்பு வைக்க வேண்டும் என்றேன். மனசு ஆறவில்லை. ஆனால் அனுப்பிவிட்டேன்.

முதல் பக்கத்துக்கு வேறு எதை வைப்பது என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 29, ஞாயிறு

நாயகி எழுதியதை மட்டும் வரிசையாகப் படித்துக்கொண்டு வருகிறேன். பிரித்துப் பார்த்தபின் நன்றாகத் தெரிகிறது. அவள் யாரையும் பெரிதாகப் பேசவிடுவதில்லை. மந்திரி வந்தாலும் நாலு வரிதான். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களுக்கு நாற்பது வரி.

'கல்லாமேடு: போக பஸ் உண்டு' என்று ஒன்று. பதின்மூன்று வருஷத்துக்கு முந்தியது. முழுவதையும் இங்கே எழுத முடியாது, கொஞ்சம் எழுதுகிறேன்.

'பழைய பேருந்து நிலையத்தில் மினி பஸ் ஏறினால் கல்லாமேட்டுக்கு முக்கால் மணி நேரம். போவதற்கு பஸ் உண்டு. திரும்புவதற்குத்தான் இல்லை. உப்பளத்தில் வேலை முடித்த பெண்கள் ஐந்து மணியிலிருந்து ஒரு வேப்பங்கன்றின் பக்கத்தில் நிற்கிறார்கள். கன்று அவர்கள் இடுப்பு உயரம். அதுதான் பேருந்து நிறுத்தம். ஆறரைக்கு வர வேண்டிய பஸ் வந்தால் உண்டு. வராத நாளில் வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டோம். பஸ் வரவில்லை என்று சொல்வோம், ஆனால் யாரும் நம்பமாட்டார்கள் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி, புத்தகப் பையின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் போனதும் நோட்டை மூடிவைத்துவிட்டு ரோட்டைப் பார்த்தாள்.'

அந்த இடம் என் பிரிவில் வராது. வந்திருந்தால் ஒரு தெருவிளக்கு போட்டிருப்பேன். அந்தச் சிறுமியின் பெயரை எழுதியிருக்கலாம் என்று தோன்றியது. யாரோ உப்பளத் தொழிலாளியின் பிள்ளை. படிக்கிற பிள்ளை. இப்போது எங்காவது வேலையில்கூட இருக்கும்.

முதல் பக்கத்துக்கு இதைச் சொன்னேன்.

மார்ச் 30, திங்கள்

இன்னும் நூற்றுச் சொச்சம் அனுப்ப வேண்டும். காலை ஒன்பது மணிக்கு கரண்ட் போய்விட்டது. பராமரிப்புப் பணி. போனில் என் பழைய ஆபீஸைப் பிடித்துக் கத்தினேன். "சார், நீங்க போட்டுக் குடுத்த ஷெட்யூல்தான் சார் இன்னும் ஓடுது" என்கிறான் பையன். போனை வைத்துவிட்டேன்.

மீரானே வந்து தன் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டேன். சௌகரியமாகத்தான் இருந்தது. திருச்செந்தூர் ரோட்டில் காற்று முகத்தில் அடிக்க, தூரத்துப் பஸ் நிறுத்தங்களெல்லாம் சீக்கிரம் சீக்கிரமாகக் கடந்து போயின.

கடையில் டயர்களுக்கு நடுவில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அனுப்பினோம். பஸ்ஸும் இல்லாமல் வண்டியும் இல்லாமல் ஒரு கூட்டம் மிச்சம் இருந்தது. விபத்து, தங்கம் விலை, மழையளவு. மீரானுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஹேமலதாவிடம் சொன்னேன். அவற்றை 'நமது நிருபர்' என்றே ஒரு தனித் தொகுப்பாக வைக்கிறோம் என்றார்.

மின்தடை அறிவிப்புகளை மட்டும் விடவில்லை. அது அவள்தான், எனக்குத் தெரியும் என்றேன். மீரான் அவற்றை அவள் பெயரில் சேர்த்து அனுப்பினார்.

மார்ச் 31, செவ்வாய்

எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஹேமலதாவிடமிருந்து செய்தி வந்தது.

ஏப்ரல் 1, புதன்

கரைச்சேதியைத் திறந்தேன். 'இந்தத் தளத்தை அணுக முடியவில்லை.' தெரிந்ததுதான். இருந்தாலும் மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை திறந்து பார்த்தேன்.

இத்தனை நாள் காலையில் எழுந்தால் ஒரு வேலை இருந்தது.

ஏப்ரல் 6, திங்கள்

மாவு அரைத்தேன். ஒரு ஆளுக்கு அரைக்கிற அளவு இன்னும் கைக்கு வரவில்லை. டெய்சி டீச்சருக்குக் கொஞ்சம் கொடுத்தேன். "உளுந்து கம்மி சார்" என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 10, வெள்ளி

நூலகத்தின் தளத்தில் வந்துவிட்டது. 'எழுதியவர்: சு. ஆவுடைநாயகி'. அவள் பெயரைத் தொட்டால் வரிசையாக அவள் எழுதியதெல்லாம் வருகிறது. முதலில் கல்லாமேடு. நான் திரையைத் தொடாமல் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முகவரியை சுடருக்கு அனுப்பினேன். 'அம்மா எழுதினது எல்லாம் இங்க இருக்கு' என்று மட்டும் எழுதினேன். நீல டிக்.

ஏப்ரல் 11, சனி

பதில் இல்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

காலையில் சுடரே கூப்பிட்டாள். குளித்துக்கொண்டிருந்தேன். துண்டோடு ஓடிவந்து எடுத்தேன்.

"படிச்சேம்ப்பா" என்றாள். "கல்லாமேடு படிச்சேன்."

"நல்லா இருக்குல்ல?"

"அப்பா, அந்த யூனிபார்ம் போட்ட பிள்ள நான்தான்."

எனக்குப் புரியவில்லை. எந்தப் பிள்ளை என்று கேட்டேன்.

"பையி மேல உக்காந்து எழுதுற பிள்ள. ஆறாவது படிச்சேன். அன்னைக்கு டியூஷன் சார் ஊருக்குப் போயிட்டாங்க. வீட்டுச் சாவி உங்ககிட்ட இருந்துச்சு. அதான் அம்மா என்னையும் கூட்டிட்டுப் போயிட்டாங்க. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு சொன்னாங்க."

உடம்பில் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. எத்தனையோ கேட்டிருக்கலாம். எனக்கு வாயில் வந்தது, "பஸ் எத்தன மணிக்கு வந்துது?" என்பதுதான்.

"வரவே இல்லப்பா. நாங்க உப்பு லாரியில வந்தோம். மூட்ட மேல படுத்துக்கிட்டு. அந்த அக்காங்க எல்லாரும் இருந்தாங்க. வழி பூரா அம்மா பாடிட்டே வந்தாங்க."

"யாரு, அம்மாவா?"

"ஆமா. ரொம்ப நல்லாப் பாடுவாங்களே."

இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். அவள் பாடி நான் கேட்டதில்லை. கட்டுரையிலும் அது இல்லை. லாரி இல்லை, பாட்டு இல்லை, ரோட்டைப் பார்க்கிற பிள்ளையோடு முடிந்துவிடுகிறது.

என்ன பாட்டு என்று கேட்டேன்.

சுடர் யோசித்தாள். இரண்டு மூன்று பாட்டின் முதல் வரியைத் தனக்குத்தானே முணுமுணுத்துப் பார்த்தாள். இல்லை, இது இல்லை என்றாள். நான் போனைக் காதில் அழுத்திக்கொண்டு காத்திருந்தேன்.

"மறந்துபோச்சுப்பா" என்றாள்.